அரைக்காது ரசிகர்

சங்கீத ரசிகர்களைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வகுப்பாரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, பாடகர் ஓர் அட்சரம் பிசகினால் முகத்தைச் சுளித்து, அந்தச் சுளிப்பு பக்கத்து வரிசைக்கும் எட்டியதா என்று கடைக்கண்ணால் பார்த்துக்கொள்ளும் மகாரசிகர் முதல் வகுப்பு; மனைவியின் நிர்ப்பந்தத்தால் சபைக்கு வந்து, தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பி மணம் வரும் திசையை உத்தேசித்து எழுந்து போகிறவர் இரண்டாம் வகுப்பு. இவ்விருவருக்கும் நடுவில், எண்ணிக்கையில் இவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாகவும், உற்சாகத்தில் இருவருக்கும் சற்றும் குறையாமலும் வாழ்ந்துவரும் மூன்றாம் வகுப்பார் ஒருவர் உண்டு. அவர் எதையும் முழுக்கக் கேட்டவர் அல்லர்; ஆனால் எதைப் பற்றியும் பரிபூரணமான அபிப்பிராயம் உடையவர். அரைக்காது ரசிகர் என்று அவரைச் சொல்வது மரியாதைக் குறைவாகாது என்று நம்புகிறேன்.

இந்த வகுப்பார் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள் என்றாலும், அவர்கள் செழித்து வளர்வதற்கான சீதோஷ்ணம் திருவனந்தபுரத்துப் பழவங்காடியில் வாய்த்திருப்பதுபோல வேறெங்கும் வாய்த்திருப்பதாகத் தெரியவில்லை. இந்திய ராணுவத்தின் பராமரிப்பில் இருக்கும் கணபதி கோயிலில் நேர்ச்சைத் தேங்காய்கள் சிதறும் ஓசை ஒரு பக்கம். கிழக்கே கோட்டையில் பஸ் கண்டக்டர்கள் ஊர்ப்பெயர்களை ஒரே மூச்சில் அடுக்கும் ஓசை ஒரு பக்கம். சாலைக் கடைத்தெருவிலிருந்து மிதந்து வரும் சினிமாப் பாட்டு ஒரு பக்கம். கோட்டைக்குள் சற்றுத் தூரம் நடந்தால் எந்த வீட்டு ஜன்னலிலிருந்தாவது ஒரு கீர்த்தனையின் அநுபல்லவி. வெற்றிலை வாங்கக் கிளம்பிய மனிதர் வீடு திரும்புவதற்குள் நான்கு சம்பிரதாயங்களின் சங்கீதம் அவர் காதில் விழுந்துவிடுகிறது. ஒவ்வொன்றும் கால் பங்கு வீதம். பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போகும் இந்தப் பிரதேசத்தில் பிறந்து வளர்ந்தவரிடம் முழுக்காதை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

நான் அறிந்த அரைக்காது ரசிகர் கோட்டைக்குள் தெருவில் வசிப்பவர். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று நெடுங்காலமாகிறது. மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அக்குளில் குடையும், இரண்டாக மடித்த பத்திரிகையும், யாரையும் ‘ஓய்’ என்று நிறுத்திப் பேசும் உரிமையும் அவருக்கு உண்டு. பரம்பரையாகத் தமிழ் பேசும் குடும்பமானாலும், தீர்ப்புச் சொல்லும்போது மட்டும் அவர் மலையாளத்தின் சகாயத்தை நாடுவார். அவருடைய தராசில் மூன்றே படிக்கற்கள்: ‘கொள்ளாம்’, ‘தரக்கேடில்லை’, ‘போரா’. தியாகராஜருடைய பஞ்சரத்தினமானாலும் சரி, நேற்று வந்த சினிமாப் பாட்டானாலும் சரி, இந்த மூன்றில் ஒன்றில் அடங்கியே தீரவேண்டும்.

சங்கீதத்தின் வீழ்ச்சி எந்த ஆண்டில் தொடங்கிற்று என்பதைக்கூட அவர் நிர்ணயித்து வைத்திருக்கிறார். நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றிய பழைய கிராமபோன் பிளேட்டு ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷமே ஓடும். ஆலாபனையை எவ்வளவு பெரிய வித்வானும் அதற்குள் முடித்துக்கொண்டாக வேண்டும். கொலம்பியா கம்பெனியார் 1948-இல் அமெரிக்காவில் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்து, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் இடம் கொடுத்ததோடு கலைஞர்களுக்குக் கட்டுப்பாடு போய்விட்டது என்பது அவருடைய சித்தாந்தம். “மூணு நிமிஷத்திலே சொல்ல முடியாததை இருபது நிமிஷத்திலே சொல்லிடுவாளா, ஓய்?” என்று அவர் கேட்கும்போது பதில் சொல்வது சுலபமன்று. அந்தக் கேள்வியை அவர் நாற்பது நிமிஷ நேரம் விஸ்தரிப்பார் என்பது வேறு விஷயம்.

எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதத் தட்டு 1963-இல் எச்.எம்.வி. வெளியீடாக வந்த நாள்தொட்டு அவர் காதில் விழாத காலை இல்லை. ஆயினும் அதை அவர் உட்கார்ந்து கேட்டதே கிடையாது. சுப்ரபாதம், ஸ்தோத்திரம், பிரபத்தி, மங்களாசாஸனம் என்ற நான்கு அங்கங்களில் முதலாவது அவர் ஸ்நானத்தோடு முடிந்துவிடும். இரண்டாவது காப்பியில் கரைந்துபோகும். மூன்றாவதன்போது பத்திரிகை வந்துவிடும். நான்காவது ஒன்று உண்டென்பதை வீட்டார் சொல்லித்தான் அறிந்திருக்கிறார். இருந்தும், “அந்தக் குரலிலே ஒரு குளிர்ச்சி இருக்கு, கேட்டேளா, அது வேற யாருக்கும் வராது” என்று அவர் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அந்தக் குளிர்ச்சியில் கிணற்றுத் தண்ணீரின் பங்கு எவ்வளவு என்பதை அவர் பிரித்துப் பார்த்ததில்லை.

அவருடைய புகழ் உச்சத்தை எட்டுவது நவராத்திரியில். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் பவனியாக எழுந்தருளி வந்து சேர, நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலைகளும் கச்சேரி நடக்கும். எந்த நாளில் எந்த ராகம் பிரதானம் என்பது சுவாதித் திருநாள் மகாராஜாவின் நவராத்திரிக் கீர்த்தனங்களால் முன்கூட்டியே விதிக்கப்பட்டது: முதல் நாள் சங்கராபரணம், பிறகு கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. வருஷம் முழுவதும் ராகப் பெயர் சொல்வதற்கு அஞ்சி ‘நல்ல கனமான ராகம்’ என்று மழுப்பும் நம் ரசிகர், இந்த ஒன்பது நாட்களில் மட்டும் பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்பே ராகத்தைச் சொல்லிவிடுவார். நான்காம் நாள் மாலை வெளியூரிலிருந்து வந்த விருந்தாளியின் பக்கம் சாய்ந்து, “பாருங்கோ, இன்னிக்குத் தோடி எடுக்கப் போறார்” என்று ரகசியமாகச் சொல்வார். தோடியே வரும். விருந்தாளி பிரமித்துப்போவார். தேதி காட்டும் காலண்டரைக் காட்டிலும் பெரிய சங்கீத ஞானம் வேண்டாத இந்த ஒரே மண்டபத்தில் அவர் தோற்றதே இல்லை.

ஆனால் அவருக்கு மிகப் பெரிய சங்கடத்தை உண்டுபண்ணுவதும் அதே மண்டபந்தான். அங்கே கச்சேரி என்பது தேவி சந்நிதியில் செய்யும் வழிபாடு. ஆகையால் கைதட்டுவது வழக்கமில்லை. மற்றச் சபைகளில் பக்கத்து வரிசையின் கரகோஷத்தைக் கொண்டு பாட்டின் தரத்தை நிர்ணயித்துப் பழகியவர், இங்கே பாட்டு நன்றாக இருந்ததா என்பதை அறியவும் வழியின்றி, சில சமயம் முடிந்துவிட்டதா என்பதை அறியவும் வழியின்றித் தவிப்பதைப் பார்க்கவேண்டும். முன் வரிசையில் இருக்கும் முதியவர்களின் தலையசைப்பை எண்ணிக் கூட்டி, வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் அவருக்கு ஒருவாறு அபிப்பிராயம் உருவாகும். 2006-ஆம் ஆண்டு பாறசாலை பொன்னம்மாள் அந்த மண்டபத்தில் பாடி, பெண்கள் அங்கே பாடுவதில்லை என்ற பழைய வழக்கம் மாறியபோது, நம்மவர் அதற்கு முன்தினம் வரை சம்பிரதாயத்தின் பக்ஷம், மறுதினம் காலையில், “நான் அப்பவே சொன்னேனே!” என்றார். எப்போது, யாரிடம் என்பதை விசாரித்தவர் இல்லை.

சினிமாப் பாட்டைப் பற்றி அவருடைய ஆராய்ச்சி சாலைத் தேநீர்க் கடைகளில் நடந்தது. 1965-இல் வந்த ‘செம்மீன்’ படத்துக்கு வங்காளியான சலில் சௌதுரி சங்கீதம் அமைத்ததை அவர் மன்னித்துவிட்டார்; அதிலே ஒரு பாட்டை மன்னா டே பாடியிருப்பதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. வங்காளத்திலே பிறந்தவருக்கு மலையாள உச்சாரணம் எப்படிச் சுத்தமாக வரும் என்று, ஆறு தலைமுறையாகத் தமிழ் வாடை மாறாத மலையாளத்தில் அவர் கேட்பதை இரு மொழியாரும் பொறுமையுடன் கேட்டுக்கொள்கிறார்கள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவர் ஓர் உள்ளூர்ப் பிரமுகராகவே இருந்திருப்பார். சர்வதேச விமர்சகராக அவரை உயர்த்தியது, உத்தியோக நிமித்தம் பல தேசங்கள் சுற்றி, பெட்டி பெட்டியாக எல்.பி. தட்டுகளோடு ஊர் திரும்பிய அவருடைய மருமான். அந்தப் பிள்ளை தட்டை உறையிலிருந்து எடுப்பதே ஒரு பூஜைபோல இருக்கும். நம் ரசிகருக்கோ தட்டைவிட உறையே போதுமானது. பீட்டில்ஸ் கோஷ்டியாரின் ‘சார்ஜண்ட் பெப்பர்’ தட்டின் உறையில், 1967-இல் கூட்டமாக நிறுத்தப்பட்ட பிரபலஸ்தர்களின் நடுவே பரமஹம்ஸ யோகானந்தரும், அவருடைய குரு பரம்பரையைச் சேர்ந்த மூவரும் இருப்பதைக் கண்டு ‘கொள்ளாம்’ என்று அப்பொழுதே தீர்ப்பளித்தார். காந்தியின் உருவமும் முதலில் அங்கே இருந்ததென்றும், இந்தியாவில் மனம் புண்படுமோ என்று அஞ்சி கம்பெனியார் எடுத்துவிட்டார்களென்றும் மருமான் சொன்னதும், தட்டு சுழலத் தொடங்கும் முன்பே தீர்ப்பு ‘தரக்கேடில்லை’ என்று ஒரு படி இறங்கிற்று. 1969-இல் வந்த ‘அபி ரோடு’ உறையிலோ நால்வர் வரிசையாகத் தெருவைக் கடக்கிறார்கள். மூன்றாமவர் காலில் செருப்பில்லை. “பாவம், கோயில் வாசல்லே தொலைச்சிருக்கான்” என்று அவர் அனுதாபப்பட்டார். பின்பு வெகுநேரம் அதை உற்றுப் பார்த்து, பழவங்காடி முனையில் நாலு பேர் இவ்வளவு நிதானமாகத் தெருவைக் கடந்தால் நாலாமவர் அக்கரை போய்ச் சேரமாட்டார் என்ற ஒன்றைத் தவிர அந்தத் தட்டைப் பற்றி வேறு அபிப்பிராயம் இல்லையென்று முடித்தார்.

மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959-ஆம் ஆண்டுத் தட்டு. ஜாஸ் சங்கீதத்தின் சிகரம் என்று பலரும் கொண்டாடுவது. பியானோவும் பெரிய தந்தி வாத்தியமும் ஒன்றையொன்று மெல்ல விசாரித்துக்கொள்ளும் அதன் தொடக்கத்தைச் சற்றுக் கேட்டுவிட்டு, “இன்னும் சுருதி சேர்த்துண்டே இருக்காளே, கச்சேரி எப்போ?” என்றார். பிங்க் ஃபிளாயிடின் 1973-ஆம் ஆண்டுத் தட்டில் பல கடிகாரங்கள் ஏககாலத்தில் அலறும் இடம் வந்தபோது திடுக்கிட்டு எழுந்து, பத்மதீர்த்தக் கரையிலுள்ள மேத்தன் மணியில் ஆட்டுக்கடாக்கள் இரண்டும் மனித முகத்தின் கன்னங்களில் வந்து முட்டி நேரம் அறிவிப்பதிலுள்ள ஒழுங்கு இதில் இல்லையென்று ‘போரா’ போட்டார். பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை கிளென் கூல்ட் 1981-இல் இரண்டாம் முறையாகப் பதிந்த தட்டு, ராகமாலிகை போன்ற முப்பது உருமாற்றங்களையும் கடந்து, ஆரம்பித்த அதே மெட்டில் வந்து முடியும். ஏறக்குறைய 51 நிமிஷம். முதல் மெட்டைக் கேட்டுவிட்டு நம்மவர் சாலைக்குப் போய்ச் சேனையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு திரும்பினார். கடைசி மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. “ஒரு மணி நேரமா ஒரே பாட்டையா வாசிக்கறான்? ஒரு சங்கதி கிடையாது! இதிலே வாசிக்கறவனே முனகறான் வேற, கூடப் பாட ஆள் கிடைக்கலை போலிருக்கு” என்றார். முப்பது உருமாற்றங்களும் முருங்கைக்காய்க்கு ஈடாகப் போய்விட்டன. ஆனால் வாசிக்கும்போது முனகும் கூல்ட்டின் பழக்கத்தைக் கண்டுபிடிக்க, மற்றவர்கள் எத்தனை முறை கேட்கவேண்டியிருந்ததோ!

இப்படி அரைக்காதில் அகப்படுவது சில சமயம் அசலாகவே இருந்துவிடுவதுதான் விசித்திரம். ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ ஓடிக்கொண்டிருக்கையில், நான்கு ஸ்வரங்களும் அவற்றின்மேல் திரும்பத் திரும்ப வரும் அந்த ஒரே வாசகமும் காதில் விழ, தாழ்வாரத்தில் நகம் வெட்டிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, “இது நாம ஜபம்னா!” என்றார். அந்தத் தட்டைக் கோல்ட்ரேன் கடவுளுக்குக் காணிக்கையாகவே செய்தார் என்பதும், ரவிசங்கரிடம் கொண்ட மதிப்பினால் தம் பிள்ளைக்கு ரவி என்று பெயரிட்டார் என்பதும் மருமானுக்குத் தெரியும்; அவன் வாயடைத்து நின்றான். இளையராஜா 1986-இல், தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணமாக வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தட்டைப் போட்டபோது, “பாட்டு எங்கே, ஓய்? இது ரெண்டு ஆத்துக்காரா ஒரே திண்ணையிலே பேசிண்டிருக்கறாப்போல இருக்கே” என்று குறைப்பட்டுக்கொண்டார். இதைவிடச் சுருக்கமாக அதை யாராவது புகழ்ந்திருந்தால் எனக்குத் தெரியாது. ஓர் இடையனின் ஒரு நாள் பொழுதை விடியலிலிருந்து இரவு வரை சந்தூரும் புல்லாங்குழலும் கிடாரும் வர்ணிக்கும் ‘கால் ஆஃப் தி வேலி’யின்போது அவர் விடியலில் கண்ணயர்ந்து இரவில் விழித்துக்கொண்டார், பிரயாணம் சுகமாக இருந்தது என்று சொல்லி, அபூர்வமாக இரண்டு முறை ‘கொள்ளாம்’ வழங்கினார்.

அவரைப் பரிகசிப்பது சுலபம். ஆனால் முழுக்காது ரசிகர்களின் வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். அரியக்குடி பாணியில் உறுதிகொண்டவர் வீட்டில் ஜி. என். பி.யின் பெயரை மெதுவாகச் சொல்லவேண்டும். நாகஸ்வரத்தை உபாசிப்பவர் சாக்ஸபோனைக் கேட்டால் ஜன்னலைச் சாத்துவார். மருமானைப் போன்ற மேனாட்டுச் சங்கீதப் பிரியர்களோ, கோட்டைக்குள் ஒன்பது நாள் கச்சேரி நடக்கும்போது தங்கள் தட்டுகளின் தூசியைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். ஒன்றில் ஆழ்ந்தவர்களுக்கு மற்றொன்றுக்கு நேரமில்லை; சில சமயம் மனமும் இல்லை. கோல்ட்ரேனும் பொன்னம்மாளும் மன்னா டேயும் பாக்கும் ஒரே நாளில் ஒரே வாயில் அடிபடுவது, எங்கும் உட்காராமல் எல்லாவற்றையும் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போகிற இந்த மனிதரிடத்தில் மட்டுந்தான்.

சென்ற நவராத்திரிக்கு முன்பு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தட்டுகள் அலமாரியில் அகராதிக் கிரமத்தில் அடுக்கப்பட்டிருந்தன. மருமான் ஒவ்வொன்றையும் தேயத் தேயக் கேட்டவன் என்பது பிரசித்தம். ஆகையால், இவ்வளவிலும் சிறந்தது எது என்று அவனைக் கேட்டேன். அவன் அலமாரியைப் பார்த்தான், ஒரு தட்டைப் பாதி இழுத்து மறுபடி உள்ளே தள்ளினான், பிறகு, “அப்படிச் சொல்ல முடியலை, மாமா. கேட்கக் கேட்க ஒவ்வொண்ணும் மாறிப்போறது. இன்னும் கொஞ்சம் கேட்கணும்” என்றான். சாய்வு நாற்காலியிலிருந்து பத்திரிகை தாழ்ந்தது.

“பார்த்தேளா, ஓய்?” என்றார் அரைக்காது ரசிகர், உண்மையான இரக்கத்தோடு. “முழுக்கக் கேட்டா இதுதான் கஷ்டம். அபிப்பிராயமே போயிடறது.”