அகராதி புடிச்ச பய

ஏல தம்பி, இங்ஙன வந்து உக்காரு. ஒன்னை மாதிரியே ஒருத்தன் எங்க வீட்டுலயும் இருக்கான். எம் மவ வயித்துப் பேரன். கோயில் கொடைக்கு ஊருக்கு வந்தவன், பஸ்ஸை விட்டு எறங்கினதும் சோறு கேக்கல, தண்ணி கேக்கல. "தாத்தா, செட்டுன்னா எத்தனை அர்த்தம் தெரியுமா?"ங்கான்.

"ஒரு செட்டு பரோட்டான்னா ரெண்டு"ன்னேன்.

அவனுக்கு மொகம் சுண்டிப்போச்சு. பணம் கட்டி இங்கிலீசு பேசப் படிக்கானாம். செட்டுங்கிற ஒத்தை வார்த்தைக்கு 430 அர்த்தமாம். தெனம் பத்தா மனப்பாடம் பண்ணி 43 நாளுல முடிச்சிருவானாம். சபரிமலைக்கு மாலை போட்டவன்கூட 41 நாளுல மலையேறி எறங்கிருதான். எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துது.

கணக்கு என்னமோ பொய்யில்ல. எங்கூட மடத்துல சீட்டாடுத வாத்தியாரு, இங்கிலீசு சொல்லிக் குடுத்து ரிட்டையர் ஆனவரு, அவரும் அதைத்தான் சொன்னாரு. ஆக்ஸ்ஃபோர்டுக்காரங்க 1989ல இருவது புஸ்தகமா ஒரு அகராதி போட்டாங்களாம். அதுல செட்டு வினைச்சொல்லா வாரதுக்கு மட்டும் 430 அர்த்தத்துக்கு மேல. வெளக்கம் சுமார் 60,000 வார்த்தை. நம்ம நெலத்துப் பத்திரம் நாலு பக்கம். அதுக்கே மூணு தலைமொறையா கோர்ட்டுக்கு அலையுதோம்.

பொறவு 'ரன்'னு இன்னொரு வார்த்தை இதை முந்திட்டாம். வினையில மட்டும் 645 அர்த்தம். அதைப் பிரிச்சு அடுக்க ஒரு மனுசன் ஒம்பது மாசம் உக்காந்திருக்காரு. இன்னும் ஒரு மாசம் சேத்து உக்காந்திருந்தா பிள்ளையே பொறந்திருக்கும்.

இதுல ஒரு கூத்தைக் கேளு. செட்டு ஒரு ஆளே இல்ல, ரெண்டு ஆளு. 'வையி, உக்கார வையி'ங்கிற செட்டு இங்கிலீசுக்காரன் வீட்டுலயே பொறந்தது. கூட்டம், சோடிங்கிற செட்டு லத்தீன்ல பொறந்து பிரான்சு வழியா வந்த வரத்து மாடு. வேற வேற வம்சம், ஒரே பேரு. தபால்காரன் கடுதாசியை மாத்தி மாத்திக் குடுத்ததுல இப்போ ரெண்டும் ஒரே வீட்டுல பொழைக்கி. இதை நம்ம பேரன்ட்ட சொன்னேன். "இது பரீச்சைக்கு வராது தாத்தா"ன்னுட்டான்.

சரி, அந்த அகராதியை மொதமொதல்ல எப்படிச் செஞ்சாங்கன்னு ஒனக்காவது தெரியுமா? ஜேம்ஸ் மரேன்னு ஒரு தாடிக்காரரு. 1879ல வேலையை ஏத்துக்கிட்டாரு. பத்து வருசத்துல முடிக்கணும்னு பேச்சு. 1884ல மொதல் பாகம் வந்துது. அது எந்த வார்த்தை வரைக்கும் வந்து நின்னுது தெரியுமா? 'ஆன்ட்'. எறும்பு! அஞ்சு வருசத்துல எறும்பு வரைக்கும்தான் ஊர்ந்திருக்காங்க. மொத்தமும் முடிஞ்சது 1928ல. மரே 1915லயே போய்ச் சேந்துட்டாரு.

அந்த மனுசன் தானா உக்காந்து அர்த்தத்தை முடிவு கெட்டல பாத்துக்க. தோட்டத்துல ஒரு தகரக் கொட்டகை. அதுக்குள்ள பொந்து பொந்தா அலமாரி. இன்ன புஸ்தகத்துல இன்னாரு இந்த வார்த்தையை இப்படி எழுதியிருக்காருன்னு ஊருசனம் துண்டுச்சீட்டுல எழுதி அனுப்பும். அதைப் பிரிச்சு அடுக்கி அர்த்தத்தைக் கண்டுபுடிச்சாங்க. அதாவது, பந்தி முடிஞ்ச பொறவு எச்சில் எலையை எண்ணுத வேலை. ரொம்பப் பெரிய வேலைதான், இல்லங்கல. ஆனா நீ என்ன செய்யுத? எலையை எண்ணி முடிச்சிட்டுத்தான் பந்தியிலயே உக்காருவேங்க. வயிறு காயாதா?

நம்ம ஊருல திமிரா பேசுதவனை 'அகராதி புடிச்சவன்'னு சொல்லுதோமே, எவன் கண்டுபுடிச்சானோ, அவன் வாய்க்குச் சர்க்கரை போடணும்.

430ன்னு மலைக்கியே, ஒங்க ஆத்தா 'போடு'ன்னு ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு விடிஞ்சு அடையுத வரைக்கும் குடும்பம் நடத்துதா. கோலம் போடுதா, காப்பி போடுதா, சோறு போடுதா, தாப்பா போடுதா, சண்டையும் போடுதா. ஒங்க அப்பன் நாமம் போடுதான். நெத்தியிலயா, கடன் குடுத்தவனுக்கான்னு ஊருக்கே தெரியும். இதுக்கு நீ எந்த வகுப்புக்குப் போன?

கொடை அன்னைக்கு ராத்திரி நடந்ததைக் கேளு. மைக்செட்டுக்காரன் மாடியில கொழாய் கெட்டுதான். சீரியல் செட்டுக்காரன் வேப்பமரத்துல தொங்குதான். வில்லுப்பாட்டு செட்டு மடத்துல காப்பி குடிக்காங்க. தர்மகர்த்தா வேர்த்து விறுவிறுத்து ஓடியாந்து, "ஏ, செட்டு வந்துட்டாடே?"ங்காரு. மூக்கு ஒழுகிக்கிட்டு நின்ன ஒரு பொடிப்பய, "வேனு முக்குல திரும்பிட்டு மாமா"ங்கான். கரகாட்ட செட்டு! மத்ததெல்லாம் வந்தாச்சுன்னு அவனுக்குக் கண்ணு இருக்குல்லா. நம்ம பேரன் மட்டும் எம் மொகத்தையே பாக்கான். "எந்த செட் தாத்தா?"

இவனைத்தான் போன வருசம் பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போனோம். நல்ல பிள்ளை, வடையும் நல்ல வடை. வெளிய வந்து, "எனக்கு செட்டாவாது தாத்தா"ன்னான். அது அந்த 430ல எத்தனாவது நம்பருல இருக்குன்னு இப்போ கேட்டேன். ஃபோனை எடுத்துத் தேடுதான், தேடுதான், கெடைக்கல. ஆக்ஸ்ஃபோர்டுக்காரன் நம்ம ஊருல பொண்ணு பாக்க வந்தாத்தான அவனுக்குத் தெரியும்?

மறுநா காலையில கோயில் முத்தத்துல காங்கிரீட்டு போட்டாங்க. சிமெண்டுன்னா அரைமணி நேரத்துக்கு முன்ன எறுகத் தொடங்கக்கூடாது, பத்து மணி நேரத்துக்குள்ள எறுகி முடிஞ்சிரணும். அதுக்கு கவர்மெண்டு விதியே இருக்கு. கொத்தனாரு சாக்கை நனைச்சுப் போட்டுட்டு, "செட்டாவல, யாரும் காலை வச்சிராதீய"ன்னு மூணு தடவை சத்தம் போட்டாரு. ஆடு ஒதுங்கிப் போச்சு. கோழி ஒதுங்கிப் போச்சு.

நம்ம ஆளு ஃபோனைப் பாத்துக்கிட்டே வாரான். வாயி முணுமுணுங்கு. "செட்: கெட்டியாதல், இறுகுதல்."

அவன் பட்டணம் போயி ஒரு மாசம் ஆச்சு. செருப்புத் தடம் ரெண்டும் அங்ஙனயே கெடக்கு. ஒரு செட்டு.