பழைய டிரம்மில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி: கடையில் புது டிரம் செட் பளபளக்கும்போது, 60 வருடப் பழசைத் தேடி அலைகிறார்களே, ஏன்?

பதில்: புதுசு முழங்கும்; பழசு பேசும்!

1960-களில் சிகாகோவின் லுட்விக் கம்பெனி செய்த டிரம்மின் உடல் மெல்லியது. மூன்றே அடுக்கு மரம். நடுவில் பாப்ளர் என்ற மென்மையான மரம். வடிவம் குலையாமலிருக்க விளிம்பின் உட்புறம் ஒரு மரவளையம். தட்டினால் 'டங்' என்று எகிறாது, 'தொம்' என்று உருண்டு சட்டென அடங்கும். அந்த அடக்கம்தான் பாடகரின் குரலுக்கு இடம் விடுகிறது.

பீட்டில்ஸ் இசைக்குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் 1963-இல் லண்டன் கடையில் வாங்கியது இந்த ரகம்தான். சிப்பி மினுமினுப்புக் கறுப்பு, 20 அங்குல பாஸ் டிரம். 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோது, அதே நிற லுட்விக் செட்டை 7 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். ஆர்டர்கள் குவிந்தன.

பழைய டிரம் வாங்க நினைப்பவர்கள் நிறத்தில் மயங்க வேண்டாம். தோலைக் கழற்றி, விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். மேடுபள்ளம் இருந்தால் தோல் சீராகப் படியாது, சுருதியும் நிற்காது.

ரிங்கோவின் அந்த 1963 செட், 2015-இல் ஏலம் போனது. விலை 20 லட்சம் டாலருக்கும் மேல்.