மூன்று பேருக்கு இரண்டு பாட்டில்

கேள்வி: விடுதியில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் பீர் பார்ட்டிதான். 'ஒரு மடக்குகூட குடிக்கலன்னா நீ என்னடா ஆம்பளை?' என்று ஓட்டுகிறார்கள். குடிக்கவும் மனமில்லை, சேர்க்கையை விடவும் மனமில்லை. என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: சேர்க்கையை ஏன் விடணும்? 1888-ல் மதுவைத் தொடமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டு லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனார் காந்தி. பாரிஸ்டர் ஆகப் பாடம் மட்டும் போதாது, விருந்துகளிலும் உட்கார்ந்தாக வேண்டும். நாலு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின் என்பது அங்கே கணக்கு. இவர் தொடமாட்டார் என்றதும் மிச்ச மூன்று பேருக்கும் கொண்டாட்டம்! 'எங்களோடு உட்கார்' என்று அவருக்கு ஏகக் கிராக்கி. தன் சரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

ஆக, குடிக்காதவனால் கூட்டத்துக்கு லாபம்தான். சாக்கு மட்டும் சொல்லாதீர்கள். 'மாத்திரை சாப்பிடறேன்' என்றால் 'எப்போ முடியுது?' என்று அடுத்த பார்ட்டிக்கு நாள் குறித்துவிடுவார்கள். 'வேணாம் மச்சான்' என்று சொல்லிவிட்டு சிக்கன் 65 தட்டை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை கேட்பார்கள். மூன்றாவது தடவை தட்டுதான் அவர்கள் கவலையாக இருக்கும்.

ஆம்பளைப் பேச்சு எடுத்தால், தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கவே கூடாது என்பதை ஞாபகப்படுத்துங்கள். சட்டத்தின் கண்ணுக்கு அவர்களும் சின்னப் பையன்கள்தான்!

பில்லைத் தலைக்குச் சமமாகப் பிரிக்க மட்டும் விட்டுவிடாதீர்கள்.