மெனுவுக்கு மெனு ரோஜாப்பூ

'முகூர்த்தம்' என்று எழுதியிருக்கிற பொத்தானை அமுக்கினால் முகூர்த்தம் வராது. ரோஜா இதழ் வரும். முதலில் ஒன்று, ஆடி அசைந்து. பிறகு நாலைந்து. அப்புறம் டிவி முழுக்கக் கூடை கூடையாக இதழ். அவை விலகினால் இரண்டு அன்னங்கள். அன்னங்களின் கழுத்து வளைந்து இதயமாகும். இதயத்துக்குள்ளிருந்து மாப்பிள்ளையும் பெண்ணும் எட்டிப் பார்ப்பார்கள். இதயம் ஒரு சுற்றுச் சுற்றிக் கோயில் கதவாகும். கதவு கிரீச்சென்று திறக்கும். அப்பாடா என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், உள்ளே இருப்பது இன்னொரு மெனு: மாலை மாற்றல், கன்னிகாதானம், தாலி கட்டுதல். சரி, தாலியை அமுக்குங்கள். கதவு மூடும்.

யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்: கல்யாண டிவிடி போட்டுக் கொடுக்கிற வீடியோக்காரரைத்தான். உங்கள் வீட்டு பீரோவிலும் இவர் கைவண்ணம் ஒன்று, மணமக்கள் படம் அச்சடித்த பிளாஸ்டிக் பெட்டிக்குள், கூறைப்புடவைக்கு அடியில் கிடக்கும். மண்டபத்தில் இவர் செய்கிற அக்கிரமங்கள், அதாவது தாலியோடு நீளும் கையை "சார், அப்படியே ஒரு நிமிஷம்" என்று நிறுத்தி வைப்பது, ஐயரை நகர்ந்து உட்காரச் சொல்வது, பந்தியில் பாயசம் குடிப்பவரின் வாய்க்குள் லைட் அடிப்பது, எல்லாம் ஊரறிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன். என் வழக்கு மெனுவோடு மட்டும்தான்.

"டக்குனு அடுத்த மெனு வந்து நின்னா நல்லாவா சார் இருக்கும்? மொட்டையா இருக்காது?" என்பார்.

1996-ல் ஜப்பானில் கடைக்கு வந்த டிவிடிக்கு இந்த மொட்டை பற்றிய கவலையே கிடையாது. மெனுவுக்கும் மெனுவுக்கும் நடுவே டிரான்ஸிஷன் என்று அதன் விதிகளில் தனியாக ஒன்றும் இல்லை. பொத்தானை அமுக்கினால் இந்த இடத்துக்குப் போ, படம் முடிந்தால் அந்த இடத்துக்குப் போ. டிஸ்குக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நடுவில் ரோஜா விழ வேண்டுமென்றால் ரோஜாவைத் தனியாக ஒரு துண்டுப்படம் செய்து, பொத்தானிலிருந்து துண்டுப்படத்துக்கு ஒரு முடிச்சு, துண்டுப்படத்தின் வாலிலிருந்து அடுத்த மெனுவுக்கு ஒரு முடிச்சு என்று போட வேண்டும். ஆப்பிளின் டிவிடி ஸ்டுடியோ ப்ரோ மென்பொருளின், 2004-ல் வந்த மூன்றாம் பதிப்பிலேயே இந்த வித்தையைத் தயாராக வைத்துவிட்டார்கள். இவரிடம் இருப்பதோ விண்டோஸ் கம்ப்யூட்டரும் அடோபி என்கோரும். முடிச்சு எல்லாம் கையால்தான்.

போவதற்கு மட்டும் போட்டால் ஆயிற்றா? கதவைத் திறந்துகொண்டு போனவர்கள் மூடிவிட்டுத் திரும்பி வர வேண்டாமா? அதற்கு ஒரு துண்டு. மெயின் மெனுவைச் சேர்த்து மொத்தம் ஏழு மெனு. எதிலிருந்தும் எதற்கும் போகலாம் என்று வழி வைத்தால் 42 துண்டுப்படங்கள். வைத்துவிட்டார். நலங்கிலிருந்து நேராக மறுவீட்டுக்குப் போயே தீரவேண்டும் என்று தமிழ்நாட்டில் இதுவரை யாருக்காவது தோன்றியிருக்குமா, தெரியாது. தோன்றினால், அந்தப் புண்ணியவானுக்காக இரண்டு மயில்கள் தோகை விரித்துத் தயாராக நிற்கின்றன.

துண்டுப்படத்தின் கடைசி ஃபிரேமும் அடுத்த மெனுவின் முதல் ஃபிரேமும் அச்சாக ஒன்றாயிருக்க வேண்டும். இம்மி நகர்ந்தாலும் மெனு துள்ளும். நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் விநாடிக்கு 25 ஃபிரேம். அதில் சரியான ஒன்றைத் தேடி, ராத்திரி இரண்டு மணிக்கு மானிட்டரில் மூக்கு இடிக்க உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் டீ ஆறி ஆடை படிந்திருக்கும். அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு யாரும் இவரைத் திட்ட முடியாது. அவ்வளவு பாடுபட்டுப் பொருத்திய பிறகும், பிளேயரின் லேசர் டிஸ்கில் இடம் மாறுகிற கணத்தில் திரை ஒருமுறை இருண்டு மீளும், நாதஸ்வரம் விக்கும். நம் வீட்டு ஹாலில் அது நடக்கும்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வரதட்சிணை பாக்கி வைத்த பெண்வீட்டார்கூட அப்படி வெளிறியிருக்க மாட்டார்கள். "உங்க பிளேயர் சரியில்ல சார்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் தன்னுடைய பிளேயரை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார். அதிலும் விக்கும். "ஒயர் லூசு சார்."

நிறத்தில் இவருக்கு ஒரு தீராத மனக்குறை உண்டு. ரிமோட்டை நகர்த்தும்போது எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்று காட்ட அது மினுங்குகிறதே, அந்த மினுக்கலுக்கு டிவிடி கொடுப்பது நாலே நாலு நிறம். "ஜரிகைத் தங்கம் வேணும்னு பார்க்கிறேன் சார், நாலு கலரை வச்சுக்கிட்டு ஒருத்தன் என்ன பண்றது?" என்று நம்மிடம் நியாயம் கேட்பார். நாமும் தலையாட்டுவோம். வேறென்ன செய்ய?

கலை என்றே வைத்துக்கொள்வோம். வேண்டாதவர்கள் தாண்டிப் போக வழி விட்டால் போதாதா? விடமாட்டார். ரோஜா விழுந்துகொண்டிருக்கும்போது ரிமோட்டில் எதை அமுக்கினாலும் டிவி மூலையில் ஒரு தடைச்சின்னம் வந்து முறைக்கும். திருட்டுப் பிரதி பற்றிய எச்சரிக்கையை யாரும் ஓட்டிவிடக் கூடாது என்று சினிமா டிவிடிகளில் போடுகிற பூட்டு அது. இவர் அதைக் கொண்டுபோய் அன்னப்பறவைக்குப் போட்டிருக்கிறார். காரணம் கேட்டால், "எல்லாரும் ஸ்கிப் பண்றாங்க சார்." ஏன் பண்ணுகிறார்கள் என்ற பக்கம் யோசனை போகவே போகாது.

சித்திக்கு வேண்டியது, தன் மாம்பழக் கலர் புடவை படத்தில் எப்படி விழுந்திருக்கிறது என்று ஒரு பார்வை. பெரியப்பாவுக்கு வேண்டியது, வரிசை வைத்தபோது சம்பந்தி யார் காலை மிதித்தார் என்பதற்கு ஆதாரம். இரண்டாவது கதவு திறப்பதற்குள் சித்தி அடுப்படிக்குப் போய்விட்டாள். பெரியப்பா குறட்டை விடுகிறார். மூன்று வயதுப் பேரன் மட்டும் ரிமோட்டை விடாமல் அமுக்கி அமுக்கி மயிலைக் கூப்பிடுகிறான். இவருடைய கலைக்கு வாய்த்த ஒரே ரசிகன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். சாதாரண டிவிடி ஒன்றில் பிடிப்பது 4.7 ஜி.பி. மூன்று மணி நேரக் கல்யாணத்தை அதில் அடைத்தால் விநாடிக்கு மூன்றரை மெகாபிட்கூடத் தேறாது. இவர் ரோஜாவுக்கும் மயிலுக்கும் தாராளமாக எட்டு மெகாபிட் ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதில் கல்யாணத்தை நசுக்கி வைக்கிறார். நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் உறவுக்காரர்களுக்கு அது தாராளம். ஆனால் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னதாக எதுவும் ஒரே நேரத்தில் பறந்தால், அந்தக் கொஞ்ச இடத்தில் படம் திணறும். கல்யாணத்தில் அப்படிப் பறக்கிற நேரம் எது? கெட்டிமேளம் கொட்டி எல்லாரும் அட்சதை போடுகிற நேரம். கணக்காக அங்கே படம் கட்டம் கட்டமாக உடைகிறது. ரோஜா இதழில் நரம்பு தெரிகிறது. தாலி முடிகிற விரல் தெரியவில்லை. அட்சதையோடு கை தூக்கிய தாத்தாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக நாலு சதுரம். அடுத்த ஆடிக்குள் அவர் போய்விட்டார். அவர் சிரித்தபடி இருந்த வேறு படம் எங்களிடம் இல்லை. இதற்கு எனக்கு வேடிக்கையாக ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

"ரெண்டு டிஸ்கா போட்டிருக்கலாமே, தம்பி?"

"போடலாம் சார். ஆனா முதல் டிஸ்க்லேருந்து ரெண்டாவது டிஸ்குக்கு டிரான்ஸிஷன் குடுக்க முடியாதே!"

இப்போது வருகிற லேப்டாப்புகளில் டிஸ்க் போட வாயே கிடையாது. பென்டிரைவில் கொடுங்கள் என்கிறார்கள் வாடிக்கையாளர்கள். கொடுக்கிறார். ஆனாலும் கூடவே ஒரு டிவிடியையும் காசில்லாமல் கையில் திணிக்கிறார். பென்டிரைவில் மெனு கிடையாதே, அந்த ஏக்கம்.

முகூர்த்தம் மட்டும், நல்ல தரத்தில், போட்டதும் ஓடுகிற மாதிரி, மெனுவே இல்லாமல் ஒரு டிஸ்க் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன்.

"வெறும் கல்யாணம் மட்டுமா சார்?"

"வெறும் கல்யாணம் மட்டும்."

கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கால்குலேட்டரை எடுத்தார்.

"நாப்பத்திரெண்டு லிங்கையும் ஒண்ணொண்ணா கழட்டணும் சார். அதுக்குத் தனி சார்ஜ்."