நாடுகளுக்கு என்ன முறை?

கேள்வி: இந்தியாவைப் ‘பெரியண்ணன்’ என்கிறார்களே, அது பாராட்டா, குற்றச்சாட்டா? (ஊர்காவற்றுறை)

பதில்: உதவி வாங்கும்போது பாராட்டு. அந்த உதவிக்குக் கணக்குக் கேட்கும்போது குற்றச்சாட்டு. ஒருவரை அண்ணன் என்று ஏற்றுக்கொண்டால் மற்றவர் அடங்கிப் போக வேண்டியவராகிவிடுகிறார். இரண்டு அரசுகள் பேசும் இடத்தில் மூத்தவர், இளையவர் என்ற பேச்சே கூடாது.

கேள்வி: தமிழ்நாட்டுத் தலைவர்கள் ‘தொப்புள்கொடி உறவு’ என்கிறார்கள். எங்கள் வலையை அறுப்பதும் அந்த உறவுதானா? (நெடுந்தீவு)

பதில்: உறவு பொய்யில்லை. 1983க்குப் பிறகு படகேறிப் போனவர்களை இராமேசுவரமும் மண்டபம் முகாமும்தான் ஏற்றுக்கொண்டன. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில் இரண்டு கரைச் சனமும் ஒரே பூசையில் முழந்தாளிடுகிறது. ஆனால் அக்கரையிலிருந்து வரும் இழுவைமடிப் படகுக்குச் சொந்தம் தெரியாது. இரவில் அது நெடுந்தீவுக் கடலை வாரிக்கொண்டு போனால், கடன்பட்டு வாங்கிப் போட்ட வலை விடியும்போது துண்டு துண்டாகக் கிடக்கும்; மீன்குஞ்சும் மிஞ்சாது. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. அக்கரை மேடைகளில் தொப்புள்கொடி பெரும்பாலும் கைதான மீனவருக்காகத்தான் நினைவுக்கு வருகிறது. வலை இழந்த நெடுந்தீவு மீனவனும் அதே கொடியில் பிறந்தவன்தானே? அவனுக்கு நட்டஈடு வேண்டும். இழுவைப்படகில் கூலிக்கு வரும் அக்கரைத் தொழிலாளிக்கு வேறு தொழிலுக்கு மாற வழி வேண்டும். இரண்டையும் இரண்டு அரசுகளும் எழுத்தில் தர வேண்டும்.

கேள்வி: சீனா எங்களுக்கு என்ன முறை? (அனலைதீவு)

பதில்: ஒப்பந்தக்காரர். 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான காற்று, சூரிய மின்திட்டத்தை இலங்கை அமைச்சரவை ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்தது. பணம் ஆசிய அபிவிருத்தி வங்கியுடையது. இந்தியா ஆட்சேபித்தது. டிசம்பரில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையால் திட்டத்தை நிறுத்திவைப்பதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. அதே மாதம் சீனத் தூதுவர் வேட்டி கட்டி நல்லூர்க் கோயிலுக்கு வந்தார். பிறகு அதே தீவுகளுக்காக 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு உடன்படிக்கை, 2024 மார்ச்சில் இந்திய நிறுவனத்தோடு ஒப்பந்தம், சுமார் 1.1 கோடி டொலர் இந்திய நன்கொடை. இந்த மூன்று வருடமும் தீவுகளில் டீசல் இயந்திரம்தான் ஓடியது.

கேள்வி: சொந்தத்துக்குள் போர் வராதல்லவா? (நயினாதீவு)

பதில்: உங்கள் ஊர்க் கதையே வரும் என்கிறது. மகாவம்சத்தில் நாகதீபத்தில் படை திரட்டி எதிரெதிரே நின்ற மகோதரனும் சூளோதரனும் மாமனும் மருமகனும். தாய்வழி வந்த ஒரு மணியாசனத்துக்காகத்தான் அவ்வளவும்; யாழ்ப்பாணத்துச் சீதன வழக்கு மாதிரி. தீர்த்துவைத்தவர் இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத புத்தர். நம் காலத்துக்கு வந்தால், 1950களில் இந்தியாவும் சீனாவும் ‘பாய் பாய்’ என்று சகோதரம் கொண்டாடின. 1962இல் இமயமலையில் போர்.

கேள்வி: 1987இல் வந்தது தாயா, மாற்றாந்தாயா? (வேலணை)

பதில்: படை வந்தது. ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் உணவுப் பொதி போட்டபோது தாய் வந்துவிட்டாள் என்று கண்கலங்கியவர்கள் உண்டு. ஒக்டோபர் 21 அன்று யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் அதே நாட்டு அமைதிப்படையின் சூட்டில் நோயாளரும் வைத்தியரும் தாதியரும் செத்துக் கிடந்தார்கள். வேறொரு நாட்டுப் படை என்று முதலிலேயே பார்த்திருந்தால், வரும்போதே நிபந்தனைகளைக் கேட்டிருப்போம். தாயிடம் யார் நிபந்தனை கேட்பார்கள்?

கேள்வி: அப்படியென்றால் இந்தியாவை எப்படித்தான் அழைப்பது? (புங்குடுதீவு)

பதில்: அயல்நாடு என்று. அயலாரோடு அன்பாக இருக்கலாம், எல்லையும் பேசலாம், கொடுக்கல் வாங்கலையும் எழுதிவைக்கலாம். இராமேசுவரத்து மச்சானை மச்சான் என்றே கூப்பிடுங்கள், அது உங்கள் குடும்பம். புதுடில்லியிலிருந்தோ பீஜிங்கிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒருவர் வந்து உறவு கொண்டாடினால், அறுந்த வலைக்கு நட்டஈடு எவ்வளவு, எந்தத் திகதியில் என்று கேளுங்கள்.