எது முதலில் வருகிறதோ

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு என்று ஒன்று இருந்தால், அதில் சங்கச் செயலாளர் ஒருவர் இருப்பார். தண்ணீர் லாரிக்காரரோடு சண்டை போடுவதற்கென்றே ஒருவர் இருப்பார். 2022-க்குப் பிறகு மூன்றாவதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். அவர்தான் ஹைப்ரிட் கார் மாமா.

அந்த ஆண்டில்தான் ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, சிட்டி என்று நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுகிற ஹைப்ரிட்கள் அடுத்தடுத்து வந்தன. அதற்கு முன்பும் கேம்ரி ஹைப்ரிட் இருந்தது. ஆனால் அதை வாங்குகிறவர்கள் டிரைவரையும் சேர்த்தே வைத்திருப்பார்கள். ஃபில்டர், ஆயில் எல்லாம் டிரைவர் பாடு. மாமாவுக்கு டிரைவர் கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது, கையில் நேரம் இருக்கிறது, காரோடு கொடுத்த ஓனர்ஸ் மேனுவலும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

நாமெல்லாம் மேனுவலை அதன் பிளாஸ்டிக் உறை பிரியாமல் டேஷ்போர்டில் போட்டுவைத்து, காரோடு சேர்த்தே விற்றும் விடுகிறோம். மாமா அதைப் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படித்திருக்கிறார். அதில் அவருக்குப் பிடித்த வரி ஒன்றுதான்: "10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது." அவருக்கு எப்போதும் வருடம்தான் முதலில் வரும். கோயில், பேங்க், காய்கறி, பேத்தியின் பாட்டு வகுப்பு எல்லாம் சேர்த்தாலும் கிலோமீட்டர் ஓடினால்தானே! லிட்டருக்கு 28 கிலோமீட்டர் வரை போகும் என்று நம்பி வாங்கிய கார் அது. இந்த ஓட்டத்துக்கு, கூடுதலாகக் கொடுத்த பணத்தைப் பெட்ரோலில் எப்போது மீட்பது என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை. கேட்டால் இன்ஜின் ஆயிலில் ஆரம்பித்துவிடுவார் என்ற பயம்.

ஆனால் ஆயில் விஷயத்தில் அவர் சொல்வது சரி. "பாதி கரன்ட் வண்டிதானே, இதுக்கு ஆயில் எதுக்கு?" என்று மூன்றாவது மாடிக்காரர் கேட்டபோது லிஃப்டைப் பிடித்து நிறுத்திவிட்டு விளக்கினார். ஹைப்ரிட்டின் இன்ஜின் நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். பக்கத்துத் தெருவரை போய் வந்தால் அது முழுதாகச் சூடேறுவதற்குள் பயணமே முடிந்துவிடும். சூடேறாத இன்ஜினில் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து தங்கும். அதனால் கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றித்தான் ஆக வேண்டும். இதற்காகவே ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு வரை காரை விரட்டிவிட்டு வருகிறார். "எங்கே போயிட்டு வரீங்க?" என்று கேட்டால், "எங்கேயும் இல்லை, ஆயிலைக் கொஞ்சம் சூடு பண்ணிட்டு வந்தேன்" என்பார்.

தெருமுனை மெக்கானிக் ஒருநாள் அந்த ஆயில் டப்பாவைப் பார்த்துவிட்டார். ஜீரோ டபிள்யூ 16. கவிழ்த்தால் தண்ணீராக ஓடும். "சார், இது என்ன, ஒண்ணுமே இல்லாம இருக்கு. நல்ல கெட்டியான 20 டபிள்யூ 40 ஊத்தித் தரேன், இன்ஜின் அப்படியே கல்லாட்டம் நிக்கும்" என்றார். அன்றிலிருந்து மாமா காரை அந்தத் தெரு வழியாக ஓட்டுவதே இல்லை.

சர்வீஸ் சென்டரில் அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. என்னவென்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஏசி ஃபில்டர், ஏர் ஃபில்டர் இரண்டின் ஓரத்திலும் முன்கூட்டியே மார்க்கரால் தேதி எழுதி அனுப்புகிறார். திரும்பி வரும் காரில் அந்தத் தேதி இருந்தால் மாற்றவில்லை என்று அர்த்தம். மாற்றியிருந்தாலும் விடுவதில்லை, பழையதைக் கவரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார். "ஏங்க, இந்த அழுக்கையெல்லாம் பரண்ல எதுக்கு அடுக்கி வெச்சிருக்கீங்க?" என்று மாமி கேட்கிறார். ஆதாரமாம்.

அட்வைசர் தம்பி பாவம். இன்ஜின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசிக்கு வாசனை மருந்து என்று வழக்கமான பட்டியலை வாசிக்க ஆரம்பிப்பார். "தம்பி, இது மேனுவல்ல எந்தப் பக்கத்துல இருக்கு?" என்ற ஒரே கேள்வியில் பட்டியல் மடிந்து பைக்குள் போய்விடும். "பிரேக் பேட் புதுசாட்டமே இருக்கு சார்" என்று அவர் சமாதானமாகப் பேசினால் மாமாவுக்குப் பெருமை தாங்காது. பிரேக்கை அழுத்தும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைப் பிடித்து பேட்டரிக்கு அனுப்பிவிடுகிறது; பேட் தேய வழியில்லை. "பேட் தேயலைன்னா பிரேக் ஆயிலை விட்டுடலாமா?" என்று அடுத்த வினாடியே மடக்குவார். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். பெசன்ட் நகர் கடல் காற்றில் கேட்கவே வேண்டாம். இரண்டு வருடமானால் பேட்டைப் பார்க்காமல் ஆயிலை மாற்ற வேண்டும்.

கூலன்ட் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. டொயோட்டா ஹைப்ரிட்டில் இன்ஜினுக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று என்று இரண்டு தொட்டிகள். இரண்டிலும் ரோஸ் நிறத்தில் நீண்ட ஆயுள் கூலன்ட். அந்தக் கம்பெனி அமெரிக்காவில் கொடுக்கும் அட்டவணைப்படி, இன்வெர்ட்டர் கூலன்ட்டை முதன்முறை மாற்றுவது 2,40,000 கிலோமீட்டரில் அல்லது 15 வருடத்தில். எது முதலில் வருகிறதோ! மாமா கணக்குப் போட்டார். தனக்கு அப்போது 79 வயது. உடனே மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். வீட்டுப் பத்திரம், பேங்க் லாக்கர் பற்றித்தான் பேசப் போகிறார் என்று கண் கலங்கியிருந்த மாப்பிள்ளைக்கு, 2037-ல் ஒரு கூலன்ட் பொறுப்பு வந்து சேர்ந்தது.

மேனுவல் தெளிவாகச் சொல்லாத இடத்தில்தான் பக்தர்கள் பிரிகிறார்கள். டிரான்ஸாக்ஸில் ஆயில், அதாவது ஹைப்ரிட்டின் கியர்பாக்ஸ் ஆயில், அப்படிப்பட்ட இடம். பார்த்தால் போதும், மாற்ற வேண்டாம் என்பது ஒரு கட்சி. ஒரு லட்சம் கிலோமீட்டரில் மாற்றியே தீர வேண்டும் என்பது மறு கட்சி. காலை நடையில் இந்த இரு கட்சியும் சந்தித்துவிட்டால், யானைக்கு எந்த நாமம் போடுவது என்று காஞ்சிபுரத்தில் வடகலையும் தென்கலையும் மோதிக்கொண்டதுதான் நினைவுக்கு வரும். மாமா மாற்றும் கட்சி. அவர் கார் ஒரு லட்சத்தைத் தொட இன்னும் பல வருடம் ஆகும் என்பது கொள்கைக்குத் தடையல்ல.

குடும்பத்தார் படும் பாடு பின் இருக்கையில்தான். பல ஹைப்ரிட்களில் பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, காருக்குள்ளிருந்தே, பின் இருக்கைப் பக்கம் ஒரு சிறிய துவாரம் வழியாகப் போகிறது. அதில் ஒரு ஃபில்டர். தூசி, முடி, முறுக்குத் தூள் அடைத்தால் பேட்டரி சூடாகும்; சூடானால் ஆயுள் குறையும். இந்த ஒன்றைப் பெரும்பாலான ஓனர்கள் கேள்விப்பட்டதே இல்லை. மாமா கேள்விப்பட்டுவிட்டார். கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது சம்பந்தி அம்மாள் தாம்பூலப் பையை வாகாக அந்தத் துவாரத்தின் மேல் சாய்த்துவைக்க, மாமா திண்டிவனம் தாண்டி வண்டியை ஓரங்கட்டினார். எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் பேட்டரி வாரன்ட்டி பற்றி நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றபடி பேசினார். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு சம்பந்தி வீட்டார் பஸ்ஸில்தான் வருகிறார்கள்.

மகளைப் பார்க்க அமெரிக்கா போனபோது காரை வாட்ச்மேனிடம் ஒப்படைத்தார். ஹைப்ரிட்டிலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. வாரக்கணக்கில் சும்மா நின்றால் அது இறங்கிவிடும், பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி எழுந்திருக்காது. ஆகவே வாரம் ஒருமுறை வீடியோ காலில் வண்டியை எழுப்பும் சடங்கு.

"சார், பட்டனை அமுக்கிட்டேன். ஸ்டார்ட் ஆவல சார்."

"ரெடின்னு பச்சையா எழுத்து வந்துச்சா தம்பி?"

"வந்துச்சு சார். ஆனா சத்தமே வரல."

"சத்தம் வராதுப்பா. அதான் ஸ்டார்ட்."

"சரி சார். சத்தம் வந்தா கூப்பிடறேன்."

இப்படிப்பட்டவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம், நானும் சிரிக்கிறேன். ஆனால் அந்தக் குடியிருப்பில் சர்வீஸ் பில் ஒன்றுகூடத் தவறாத கார் அது ஒன்றுதான். என்றைக்காவது அவர் அதை விற்பதாகக் கேள்விப்பட்டால் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள். ஒரு சிக்கல் மட்டும் உண்டு: அவர் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன், இப்போது நீங்கள் ஓட்டும் காருக்குக் கடைசியாக எப்போது பிரேக் ஆயில் மாற்றினீர்கள் என்று கேட்பார். பில்லோடு போங்கள்.