மழைக்கோட்டு மீமாம்சை

அமெரிக்க நாட்டு ஓரிகன் மாநிலத்தின் கடற்கரையை ஒட்டி, வடக்கே அஸ்டோரியா தொடங்கித் தெற்கே கலிபோர்னிய எல்லை வரையில் ஏறக்குறைய 580 கிலோமீட்டர் செல்லும் 101-ஆம் எண் நெடுஞ்சாலையின் வனப்பைப் பற்றியும், நியூபோர்ட் நகரில் 1936-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட யாக்கினா விரிகுடாப் பாலத்தின் வேலைப்பாட்டைப் பற்றியும் ரசிகர்கள் வேண்டியமட்டும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அச்சாலையில் வீட்டுவண்டி ஓட்டிக்கொண்டு குடும்பத்தோடு யாத்திரை போகிறவர்கள், நவம்பர் மாதத்து அடைமழையில் நனைந்த மழைக்கோட்டை எங்கே தொங்கவிடுவது என்னும் பிரச்சினையை இதுகாறும் எவரும் சாஸ்திரோக்தமாக விசாரிக்க முன்வராமையால், அக்குறையை நிவர்த்தி செய்யும்பொருட்டு இச்சிறு மீமாம்சை எழுதப்படலாயிற்று.

முதற்கண் மழையின் லட்சணம். பசிபிக் சமுத்திரத்தின்மேல் ஈரத்தைச் சுமந்து வரும் மேலைக்காற்று, கரையோர மலைத்தொடரில் மோதி, மேலெழும்பிக் குளிர்ந்து, கொண்டுவந்ததை எல்லாம் அங்கேயே இறக்கிவிட்டுப் போவதால், அஸ்டோரியாவில் ஆண்டொன்றுக்குச் சுமார் 1,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி குளிர்காலத்திலேயே பெய்துவிடுகிறது. இத்துறையின் ஆதி ஆராய்ச்சியாளர்களாகிய லூயிஸ், கிளார்க் இருவரும் தம் கூட்டத்தாரோடு 1805 டிசம்பர் முதல் 1806 மார்ச் வரையில் அவ்வூருக்கு அருகே கிளாட்சாப் கோட்டையில் தங்கிய 106 நாட்களில், மழையற்ற நாட்கள் 12 மாத்திரமே. அவர்களுடைய தோலாடைகள் மக்கிப்போயின என்பது சரித்திரம். ஒரு கண்டத்தையே குறுக்கே கடந்துவந்த அம்மகான்களும் ஈர ஆடையை உலர்த்தும் உபாயத்தை நமக்கு விட்டுச் செல்லவில்லை என்றால், விஷயத்தின் கடினம் ஒருவாறு புலனாகும்.

மழை பெய்தால் வண்டிக்குள்ளேயே இருந்துவிடலாகாதா என்று பூர்வபட்சிகள் ஆட்சேபிப்பார்கள். நாய் வளர்த்தறியாதவர்களின் ஆட்சேபம் அது. தவிரவும், கழிவுத்தொட்டி நிரம்புவதற்கு வானிலை பார்ப்பதில்லை; அது நிரம்பிய கணமே வீட்டுத் தலைவர் வெளியே சென்று, குழாயைப் பொருத்தி, நெம்புகோலை இழுத்தாக வேண்டும். குடை உதவாது, அக்கரையில் மழை மேலிருந்து விழுவதைக் காட்டிலும் பக்கத்திலிருந்து வீசுவதே அதிகம். போதாக்குறைக்கு, ஓரிகன் மக்கள் 1967-ஆம் ஆண்டின் சட்டத்தால் கடற்கரை மணல் முழுவதிலும் நடமாடும் உரிமையை நிலைநாட்டிக்கொண்டிருக்கிறபடியால், அவ்வுரிமையை எந்த மழையிலும் அனுபவித்தே தீருவோம் என்று குழந்தைகள் புறப்பட்டுவிடுகிறார்கள். ஆகவே கோட்டு நனைவது நிச்சயம்; ஒன்றல்ல, நான்கு.

எட்டரை அடிக்கு மிகாத அகலமுள்ள வாகனத்தில் இந்நான்கையும் வைக்கும் இடம் பற்றிப் பண்டிதர்களிடையே பேதம் உண்டு. ஸ்நான அறையே தகுந்தது, அங்கே சொட்டும் நீர் தானே வடிந்துவிடும் என்பர் ஒரு சாரார். யாரேனும் குளிக்க விரும்பும்வரையில் இக்கொள்கை அசைக்க முடியாதது. ஸ்டியரிங் சக்கரத்தில் மாட்டுவோர் மறுநாட்காலை ஈர இருக்கையில் அமர்ந்து வண்டி ஓட்டுகையில் தம் கொள்கையின் பலனைக் காண்கிறார்கள். வெளியே விரிக்கும் துணிப்பந்தலின் கீழே தொங்கவிடலாம் என்ற மூன்றாம் மதத்தை நான் அடியோடு நிராகரிக்கிறேன். காற்று பலத்தால் அப்பந்தல் முறிந்துபோகும். காற்று அடங்கினாலோ நடுவில் நீர் குளம்போலத் தேங்கும். அதற்கஞ்சி ஒரு மூலையைத் தாழ்த்தினால், அங்கே வழியும் நீர் வாசற்படியில் இறங்குகிறவரின் பிடரியைத் தவறாமல் கண்டுபிடிக்கும்.

எந்த மதத்தைத் தழுவினாலும் நீர் வண்டியை விட்டுப் போவதில்லை என்பதே உண்மை. அவசரக்காரர்கள் சமையல் அடுப்பைப் பற்றவைத்து அதன்மேல் கோட்டைப் பிடிக்கிறார்கள். புரொப்பேன் வாயு ஒரு கிலோகிராம் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோகிராம் நீர் ஆவியாகப் பிறக்கும் என்பது ரசாயனப் பிரமாணம். அறையைச் சூடாக்கும் சாதனம் தன் புகையைச் சுவருக்கு அப்பால் தள்ளிவிடுகிறது, அடுப்போ அனைத்தையும் உள்ளேயே விடுகிறது. கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயுவின் அபாயமும் அதனோடு கூடியதே. அவ்வாறு பிறந்த ஆவி, உறங்குவோரின் மூச்சோடு கலந்து, குளிர்ந்த ஜன்னல் கண்ணாடியில் முதலில் மங்கலாகப் படிந்து, பிறகு முத்து முத்தாகத் திரண்டு, ஒன்றையொன்று விழுங்கிப் பருத்துக் கீழே ஓடி, அலுமினியச் சட்டத்தின் பள்ளத்தில் சேர்கிறது. அந்நீர் வெளியேறுவதற்கென்று சட்டத்தின் அடியில் நகக்கண் அளவில் ஒரு துவாரம் உண்டு. கடற்கரை மணலும் நாயின் ரோமமும் சேர்ந்து அதை அடைத்திருக்கும். நள்ளிரவில் பள்ளம் நிரம்பித் தலையணையின்மேல் வழியும்.

மழை பெய்யும்போதே கூரையின் காற்றுவழியைச் சிறிது திறந்துவைப்பதும், ஈரம் உறிஞ்சும் மின்சாதனத்தை ஓடவிடுவதும் ஓரளவு பரிகாரங்களே. பூரண பரிகாரம் தனியார் முகாம்கள் பலவற்றில் உள்ள சலவைக்கூடத்து உலர்த்தும் இயந்திரம்தான். கால் டாலர் நாணயங்களைப் போட்டால் கோட்டு நான்கும் வெதுவெதுவென்று வெளிவரும். சித்தாந்தம் இதுவே என்று முடித்துவிடலாம்தான். ஆனால் சலவைக்கூடம் முகாமின் மறுகோடியில் இருக்கிறது, மழை நிற்கவில்லை, நான்கு கோட்டுகளையும் அங்கே சுமந்து செல்பவர் உடுத்திக்கொள்ள ஐந்தாவது கோட்டு ஒன்று வேண்டும் என்றும், திரும்பி வந்தபின் அதை எங்கே தொங்கவிடுவது என்றும் எழுகின்ற கேள்வியைத் தர்க்க சாஸ்திரிகள் அனவஸ்தா தோஷம் என்பார்கள்.